மாலைவரை தீட்டு

வேதாகமத்தை முதல் ஏட்டிலிருந்து ஒழுங்காக வாசிக்கப் புறப்பட்டவர்களிற் பலர் களைத்து நின்றுவிடும் இடம் லேவியராகமம். ஆதியாகமத்தின் கதைகளையும் யாத்திராகமத்தின் விடுதலை வரலாற்றையும் ஆர்வத்தோடு கடந்து வந்தவர்கள், பலிகள், உணவு விலக்குகள், தோல்நோய், வீட்டுச் சுவரிற் படியும் பூஞ்சணம் என்று விரியும் இந்தச் சட்டக்கோவையின் முன் நூலை மூடிவிடுகிறார்கள். ஆயினும், ஒரு மக்கட்கூட்டம் பிறரினின்று வேறாக வாழ்வது எங்ஙனம் என்பதை இத்துணை நுணுக்கமாகச் சொல்லும் நூல்கள் உலகில் அதிகம் இல்லை.

உண்ணத் தகும் விலங்கு குளம்பு பிளந்ததாயும் அசைபோடுவதாயும் இருத்தல் வேண்டும். நீர்வாழ்வனவற்றில் செட்டையும் செதிலும் உள்ளவை மட்டுமே உணவு. நண்டும் இறாலும் கணவாயும் விலக்கு; யாழ்ப்பாணத்துக் கூழ்ப்பானை இச்சட்டத்தின் முன் ஒரு கணமும் நில்லாது! இருவகை விதையை ஒரு வயலில் விதைத்தலாகாது. இருவகை நூல் கலந்த ஆடையை உடுத்தலாகாது. இறைவன் வேறானவன், ஆதலால் அவனுடைய மக்களும் வேறாயிருத்தல் வேண்டும் என்பதே நூல் திரும்பத் திரும்பக் கூறும் காரணம். எபிரேய மொழியில் இதற்குரிய சொல் 'கதோஷ்'. ஒதுக்கி வேறாக்கப்பட்டது என்ற கருத்து அச்சொல்லினுள் அடங்கியுள்ளது.

இவற்றை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால், எகிப்து, அசீரியா, பாபிலோன் என்ற பேரரசுகளுக்கிடையே அகப்பட்ட சிறிய மக்கள் அவர்கள் என்பதை மறத்தலாகாது. கி.மு. 586இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டது. மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டனர். நிலமும் ஆலயமும் இழந்தவர்களுக்கு உணவுத்தட்டும் ஓய்வுநாளுமே எல்லைக்கற்களாயின. கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தையும் எரித்தபின் பலிச்சட்டங்கள் ஏட்டளவில் நின்றன. அடுக்களைச் சட்டங்கள் உயிரோடிருந்தன. அவற்றைக் காத்தவர்களிற் பெரும்பாலோர் பெயரறியாப் பெண்கள். 1516இல் வெனிஸ் ஆட்சியாளர் யூதரை ஒரு தனிக் குடியிருப்பில் அடைத்து, இரவில் அதன் வாயிலைப் பூட்டினர். தாமே இட்டுக்கொண்ட வேலியும் பிறர் எழுப்பிய மதிலும் ஒன்றல்ல.

இந்நூல் தமிழுக்கு வந்தபோது 'கதோஷ்' பரிசுத்தமாயிற்று. அதற்கு மாறானது தீட்டாயிற்று. மொழிபெயர்த்தோரைக் குறைகூறுவதற்கில்லை, இருந்த சொற்களையே எடுத்தனர். ஆனால் அச்சொற்கள் வெறுங்கையோடு வரவில்லை.

நான் லேவியராகமத்தை முதலில் அறிந்தது 1950களில், ஒரு மிஷன் பாடசாலையின் வேதபாட வகுப்பிலே. தீட்டு என்றால் என்னவென்று ஆசிரியர் விளக்கினார். நம்மூர் வழக்கம் அக்காலத்திலேயே இருந்திருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது. எங்கள் குடும்பத்தாருக்கு அச்சொல்லுக்கு உரை வேண்டியிருக்கவில்லை. கிணற்றுக்கட்டில் ஏறமுடியாது, யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். கிறிஸ்தவராகியும் தேவாலயத்தில் எங்களுக்கென்று ஒரு பின்பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது.

பிற்காலத்தில் நூலை நானே ஊன்றிப் படித்தபோது கண்டது வேறு. செத்த விலங்கைத் தொட்டவனுக்கு மாலைவரை தீட்டு. பிணத்தைத் தொட்டவனுக்கு, எண்ணாகமத்தின்படி, ஏழு நாள். தோல்நோய் கண்டு பாளயத்துக்குப் புறம்பே அனுப்பப்பட்டவனையும், நோய் நீங்கிற்றா என்று பார்க்க ஆசாரியன் வெளியே போகவேண்டும். நீங்கினால் சடங்கு செய்து உள்ளே அழைக்கவேண்டும். ஆசாரியனுக்கும் இத்தீட்டு வரும், போகும். பிறப்பினால் வந்து சாவிலும் நீங்காத தீட்டு என்ற ஒன்று இச்சட்டங்களில் இல்லை. எங்கள் தீட்டுக்கோ மாலை என்பதே கிடையாது.

பத்தொன்பதாம் அதிகாரம் என்னை இன்னும் வியப்பிலாழ்த்தியது. கலப்பு நூலாடையை விலக்கும் அதே அதிகாரந்தான், கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருத்தலாகாது என்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்கிறது. படியும் தராசும் சரியாயிருக்க வேண்டும். எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள், ஆகவே அந்நியனை உங்களைப்போல நேசியுங்கள் என்பது அதன் கட்டளை. அதாவது, வேறான மக்கள் என்பதற்கு அடையாளம் தட்டில் மட்டுமன்று, கூலி கொடுக்கும் கையிலும் உண்டு.

என் ஆச்சி புகையிலைத் தோட்டமொன்றில் வேலை செய்தார். தோட்டக்காரர் சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமையில் துலா மிதிக்க ஒருவரையும் விடமாட்டார். "நயினார், பேரனுக்குக் கொப்பி வாங்கவேணும்" என்று ஆச்சி கேட்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "பொயிலை வித்தாப்பிறகு வா, பாப்பம்" என்பதே மறுமொழி. ஓய்வுநாள் ஆசரிக்கப்பட்டது, கூலி மாதக்கணக்கில் தங்கிற்று.

இந்நூலைப் பொன்னென்று காட்டுவதும் என் நோக்கமன்று. ஆண்மகவு பெற்ற தாய் சுத்திகரிப்புக்கு நாற்பது நாள் காத்திருக்க, பெண்மகவு பெற்றவள் எண்பது நாள் காத்திருக்க வேண்டும். ஆசாரியர் குலத்திற் பிறந்தாலும் குருடனும் முடவனும் பலிபீடத்தை அணுகலாகாது. ஐம்பதாம் ஆண்டில் தன்னினத்து அடிமையை விடுவிக்கச் சொல்லும் அதிகாரமே, புறவினத்து அடிமையைப் பிள்ளைகளுக்கு முதுசமாக விட்டுச்செல்ல இடமளிக்கிறது.

முதல் நூற்றாண்டில், அந்தியோகியாவில், இந்த வேலி ஒரு பந்தியிலே சோதனைக்குள்ளாயிற்று. யூதரல்லாதாரோடு உடனிருந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே இதனைக் கூறுகிறார். ஆலயத்துக்காகவோ அரசுக்காகவோ அன்று, யார் யாரோடு உண்பது என்பதற்காக எழுந்த சச்சரவு அது.

இலங்கையில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பின்னர் ஒரு ஞாயிறு, எங்கள் தேவாலயத்தில் அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் எங்கள் தோட்டக்காரர். நல்ல குரல், பிழையற்ற உச்சரிப்பு. ஆச்சி பின்பக்கத்தில் தலையை மூடியவாறு கேட்டுக்கொண்டிருந்தார். திருவிருந்துக் கிண்ணம், வழக்கம்போல, முன்னிருக்கைகளில் எல்லோரும் அருந்தி முடித்த பின்னரே எங்களிடம் வந்தது.