மின்னணு வித்தையின் பால பாடம்

வால்வு ரேடியோவில் தொடங்கி, டேப்ரிக்கார்டர், தொலைக்காட்சி, கிணற்று மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டர் என்று ஆமத்தூரிலேயே இருந்துகொண்டு ஆயுளின் பெரும்பகுதியைப் பழுதுபார்க்கும் தொழிலில் கழித்துவிட்டு, கண்பார்வை மங்கியதால் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்திருக்கும் எனக்கு, இவ்வட்டாரத்துக் கல்லூரிக் கண்காட்சி ஒன்றில் அண்மையில் காதில் விழுந்த வார்த்தை மிகுந்த மனவருத்தத்தை அளித்தது. “சால்டரிங் எல்லாம் மெக்கானிக் வேலை, நமக்குக் கோடிங் போதும்” என்று ஒரு மாணவர் சொல்ல, அருகிலிருந்த ஆசிரியரும் அதை ஆமோதித்தார்.

2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் படியாதவரும் எளிதிற் பழகும்பொருட்டுப் பிறந்த ஆர்டுயினோ போர்டின் உபகாரத்தை நான் குறைத்து மதிப்பவனல்லன். 8051 சிப்பில் நிரல் ஏற்ற முன்பு தனியொரு புரோகிராமர் கருவி வேண்டியிருந்தது. இன்று ஒரு யு.எஸ்.பி. வயர் போதும். ஆனால் எல்.இ.டி. மின்னியதுமே வித்தை கைவந்துவிட்டதென்ற எண்ணம் வேரூன்றுவது பெருந்தீங்கு.

செல்போன் வழியே மோட்டாரை இயக்கும் சாதனத்தைச் செய்த இளைஞர்கள், “எல்லாம் சரியாக இருக்கிறது சார், மோட்டார் நிற்கும்போது மட்டும் போர்டு தானாக ரீசெட் ஆகிறது” என்று கொண்டுவருவது வழக்கம். நிரலைத் திருத்தித் திருத்தி அலுத்திருப்பார்கள். போர்டைத் திருப்பிப் பார்த்தால் ரிலேயின் காயில் நேரே சிப்பின் காலில் கோக்கப்பட்டிருக்கும். 5 வோல்ட் ரிலேயின் காயில் ஏறத்தாழ 70 ஓம்; அது கேட்பது 71 மில்லி ஆம்பியர்; அட்மெகா 328 சிப்பின் ஒரு கால் தாங்கும் உச்ச அளவோ 40. நடுவில் ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 1 கே ரெசிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு ஆகியவை அவசியம். ஏனெனில் மின்னோட்டம் சட்டென அறுபடும்போது காயிலின் காந்தப்புலம் குலைந்து, வெறும் 5 வோல்ட் சுற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பிவிடும். அதோடும் தொல்லை தீராது. சிப்பின் சப்ளைக் காலை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வேண்டும். ரிலேயின் எர்த் வயரும் சிப்பின் எர்த் வயரும் சப்ளையிடத்தில் மட்டுமே கூட வேண்டும். மோட்டாரின் காண்டாக்டர் காயிலுக்கு ஸ்னப்பர் வேண்டும்.

மதுரையில் எனக்குத் தொழில் கற்பித்த ஆசிரியர், சுற்றின் பிளஸ்ஸிலிருந்து புறப்பட்டு மைனஸ் வந்து சேரும்வரை மாணவன் விரலால் தடம் காட்டாமல் அவன் கையில் சால்டரிங் அயனைக் கொடுக்கமாட்டார். “கரண்ட் போற வழியை யாரும் சொல்லிடுவான், திரும்பி வர்ற வழியைச் சொல்லப்பா” என்பார். மேற்சொன்ன ரீசெட் கோளாறின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஈயம் பளபளவென்று படிந்து காலைத் தழுவாமல் மங்கலாய்ப் பொருக்குத் தட்டினால், ‘டிரை சால்டர்’ என்று சொல்லி மறுபடியும் எடுக்கச் சொல்வார். அந்தச் சிரத்தையை இன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் நான் காணவில்லை.

பட்டாசுத் தொழிலுக்குத் துணைநின்ற எங்கள் பக்கத்து வறண்ட காற்றே நிலைமின்சாரம் சேர்வதற்கும் அனுகூலமானது. மருந்து அறைக்குள் நுழையும் தொழிலாளி, வாயிலிலுள்ள செப்புத் தகட்டைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தைப் பூமியில் இறக்கிவிட்டே உள்ளே செல்கிறார். சுளீரென்று நமக்கு உறைப்பதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். மாஸ்ஃபெட் ஒன்று பழுதாகச் சில நூறே போதும். தாய் தந்தையர் நாள்தோறும் கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கை, அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் ஆய்வுக்கூடம் அலட்சியம் செய்கிறது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: ஆசையோடு கேட்கும் பிள்ளைக்குச் சென்சார் கிட் வாங்கித் தருமுன், ஒரு மல்டிமீட்டரும் 25 வாட் சால்டரிங் அயனும் கொஞ்சம் 60/40 ஈயமும் வாங்கிக்கொடுங்கள், பழுதான பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் அனுமதியுங்கள்.