கிரிவலம் சுற்றினால் எத்தனை கலோரி செலவாகும்?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, வெறுங்காலுடன் ஒரு பாட்டியும் பேத்தியும் நடக்கத் தொடங்குகிறார்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை, எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம். வழியெங்கும் சுக்குக் காபி, சுண்டல், அன்னதானம்.

சுற்றி முடித்ததும் பேத்தி மொபைலைப் பார்க்கிறாள். "பாட்டி, நாம 630 கலோரி எரிச்சிருக்கோம்!"

"நாமன்னா? உனக்கா, எனக்கா?"

சரியான கேள்வி. மொபைல் அடிகளை எண்ணுகிறது. அதில் பதிவு செய்திருக்கும் எடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதனால் அது பேத்தியின் கணக்கு மட்டுமே.

இந்தக் கணக்கை நாமே போடலாம். கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதளமான தார்ச்சாலை. சமதளத்தில் சாதாரண வேகத்தில் நடந்தால், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் அரை கலோரி கூடுதலாகச் செலவாகும். பேத்தியின் எடை 60 கிலோ என்றால், 60 x 14 x 0.5 = 420 கலோரி. பாட்டி 48 கிலோ என்றால் 336.

அப்படியானால் 630 எப்படி வந்தது? மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 14 கிலோமீட்டர் நடக்க மூன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், மூச்சுக்கும் இதயத்துடிப்புக்குமே பேத்தியின் உடல் சுமார் 210 கலோரி எடுத்துக்கொள்ளும். சில செயலிகள் அதையும் சேர்த்தே காட்டுகின்றன. நடந்ததால் கூடுதலாகச் செலவானது 420தான். ஒரு இட்லிக்குச் சுமார் 60 கலோரி என்று வைத்தால், ஏழு இட்லி! '630 எரித்தாச்சு' என்று நம்பி பரோட்டா கடையில் உட்கார்ந்தால், நடந்தது அங்கேயே ஈடாகிவிடும்.

இதெல்லாம் தோராயக் கணக்குதான். வயது, உடல்வாகு, தோளில் தொங்கும் பை எல்லாமே இதை மாற்றும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் முடிப்பீர்கள். மொத்தச் செலவு பெரிதாக மாறாது.

பாட்டிக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். கிளம்பும்போது, "சுத்தி முடிச்சுட்டுதான் சாப்பிடுவேன்" என்றார். பேத்தி விடவில்லை, நான்கு இட்லி சாப்பிட வைத்துத்தான் அழைத்து வந்தாள். சில சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இவ்வளவு தூரம் நடந்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே உட்கார்ந்து, சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த பௌர்ணமிக்கு வீட்டுப் பெரியவர்களோடு கிளம்புகிறீர்களா? மொபைலில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்!