எளிய சொல்லும் பெரும்பொறுப்பும்

நுழையும்முன்

கற்றோர் கையில் மட்டும் இருந்த செய்தித்தாள் உழைப்போர் கைக்கு வந்தது எவ்வாறு? அவ்வாறு வந்தபின் அது செய்த நன்மை எது, விளைத்த தீமை எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் பொழுது புலரும்போதே தேநீர்க்கடைகள் திறந்துவிடுகின்றன. பூட்டுப் பட்டறைக்குச் செல்வோரும் தோல் பதனிடும் தொழிலாளரும் அங்குக் கூடுகின்றனர். சின்னாளப்பட்டியின் நெசவாளர் தெருக்களிலும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் இதே காட்சியைக் காணலாம். கடைக்கு வந்த ஒரே நாளிதழின் தாள்கள் பல கைகளுக்குப் பிரிந்து செல்லும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர் செவிமடுப்பர். கேட்ட செய்தியைப் பற்றி வாதிடும் உரிமை அனைவர்க்கும் உண்டு.

இவ்வழக்கம் வேரூன்றத் துணைநின்றவருள் முதன்மையானவர் சி. பா. ஆதித்தனார். 1905ஆம் ஆண்டு காயாமொழியில் பிறந்த அவர், இலண்டனில் சட்டம் பயின்றவர். 1942ஆம் ஆண்டு மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். அதுவே பின்னர்த் ‘தினத்தந்தி’ ஆயிற்று. திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1985ஆம் ஆண்டில்தான் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆகவே, மதுரையில் அச்சான அவ்விதழ் இவ்வூரார்க்குச் சொந்த மாவட்டத்து இதழாகவே இருந்தது.

இங்கிலாந்தின் ‘டெய்லி மிரர்’ ஆதித்தனாருக்கு முன்மாதிரியாக அமைந்தது. அந்நாட்டில் 1896ஆம் ஆண்டு ஆல்பிரட் ஆர்ம்ஸ்வொர்த் அரைப் பென்னி விலையில் ‘டெய்லி மெயில்’ இதழைத் தொடங்கியிருந்தார். 1903இல் மகளிர்க்கென அவர் தோற்றுவித்த ‘டெய்லி மிரர்’, நாளடைவில் தொழிலாளர் விரும்பும் படச்செய்தி இதழாக வளர்ந்தது. இத்தகைய இதழ்களுக்கு ‘டேப்லாய்டு’ என்னும் பெயர் வந்த கதை சுவையானது. முதலில் அது ஒரு மருந்து நிறுவனம் தன் மாத்திரைகளுக்குச் சூட்டிய வணிகப்பெயர். பெரிய மருந்தைச் சிறு மாத்திரையாக்குவது போலப் பெரிய செய்தியைச் சுருக்கித் தருவதால் இதழ்களுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆதித்தனார் தம் செய்தியாளர்க்கு வகுத்த நெறி தெளிவானது: மக்கள் பேசும் சொற்களால் எழுத வேண்டும்; கொச்சையை நீக்க வேண்டும்; சொற்றொடர் சிறியதாக இருக்க வேண்டும். ‘இதழாளர் கையேடு’ என்னும் நூலையும் அவர் எழுதினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்ளும் நடையால், நாட்டு நடப்பு நாட்டு மக்களுக்கு உரியதாயிற்று.

எளிமை என்னும் கதவு திறந்தால் அதன் வழியே செய்தியும் வரும், வதந்தியும் வரும். இதற்கு அக்காலத்திலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. சென்னையில் இலட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்னும் இதழை நடத்தினார். திரைக்கலைஞர்களின் தனிவாழ்வைப் பற்றிய அவதூறுகளே அதன் சரக்கு. கலைஞர்கள் ஆளுநரிடம் முறையிட, அதன் உரிமம் பறிக்கப்பட்டது. பின்னர் ‘இந்துநேசன்’ இதழிலும் அவர் அதே வழியைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டனர், மேல்முறையீட்டிற்குப் பின் 1947இல் விடுதலை பெற்றனர். சிறையில் கழிந்த ஆண்டுகள் திரும்பவில்லை. பாகவதர்க்குப் பழைய புகழும் திரும்பவில்லை. பொறுப்பற்ற எழுத்தில் தொடங்கிய பகை, எழுதியவரின் உயிரையும் கொண்டது. பிறர் வாழ்வையும் குலைத்தது.

இங்கிலாந்திலும் இத்தகைய வரம்புமீறல் நிகழ்ந்தது. 1843இல் தோன்றிய ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ இதழின் செய்தியாளர்கள், பிறருடைய தொலைபேசிகளில் பதிவான குரற்செய்திகளைக் கள்ளத்தனமாகக் கேட்டனர். கொலையுண்ட ஒரு சிறுமியின் தொலைபேசியும் அதற்குத் தப்பவில்லை. அது வெளிப்பட்டபோது எழுந்த மக்கள் சினத்தால், அதன் உரிமையாளர் ரூபர்ட் மர்டாக் 2011 ஜூலையில் அவ்விதழையே மூட நேர்ந்தது.

ஆகவே, எளிய நடையைக் குறைகூறுவது பொருந்தாது. கடின நடையிலும் பொய் எழுதலாம். ஆயினும், எளிய நடை பலரைச் சென்றடைவதால் அதில் எழுதப்படும் பொய் விளைக்கும் தீங்கும் பெரிது. தேநீர்க்கடையில் செவிமடுப்பவர், படிப்பவரின் குரலை நம்புகிறார். படிப்பவர், அச்சான சொல்லை நம்புகிறார். அந்த நம்பிக்கையே இதழாசிரியர் பெற்ற முதல்; அதை இழந்தபின் வேறு முதல் அவர்க்கில்லை.

அன்று ஓர் அவதூறு பரவ, அச்சுக்கூடமும் தாளும் அரசின் உரிமமும் தேவைப்பட்டன. இன்று அவை எவையும் வேண்டா. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் ஓர் இதழாளரே. தம்மிடம் வந்ததைப் பிறர்க்கு அனுப்புமுன், இதைச் சொன்னவர் யார், கண்டவர் யார், இது பொய்யானால் துன்புறுபவர் யார் என்று வினவும் கடமை அவர்க்கும் உண்டு.