போர்டில் ஒரு வரி

அரியலூர்க் கடைத்தெருவின் பழைய படம் ஏதாவது கைக்கு வந்தால், அதில் நிற்கிற மனிதர்களை நான் முதலில் பார்ப்பதில்லை. அவர்கள் தலைக்கு மேலிருக்கும் போர்டைத்தான் பார்ப்பேன். கடைப் பெயர், ஊர், அடியில் சின்ன எழுத்தில் மாவட்டம். 'திருச்சி மாவட்டம்' என்றிருந்தால் அது 1995 நவம்பருக்கு முன் எழுதிய போர்டு. 'பெரம்பலூர் மாவட்டம்' என்றால் அதற்குப் பிந்தியது. 'அரியலூர் மாவட்டம்' என்றால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2001 ஜனவரியில் பிறந்த மாவட்டத்தை 2002 மார்ச்சில் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரித்தார்கள். பன்னிரண்டு ஆண்டில் நான்கு மாற்றம். அந்த ஒரு வரியை மட்டும் அழித்து அழித்து எழுதிய போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் மேல் பெயின்ட் உரிந்தால், உள்ளேயிருந்து பழைய மாவட்டம் தெரியும்.

எழுத்தும் காலம் சொல்லும். 'லை', 'னை' இரண்டும் துதிக்கைக் கொம்போடு இருந்தால் பழைய கை. 1978-இல் அரசு எழுத்தைச் சீர்திருத்திய பிறகும் பெயின்டர்கள் பலர் பழகிய கையை விடவில்லை, ஆகவே துதிக்கையை மட்டும் நம்பித் தேதி போட முடியாது. ஆனால் 1978-க்கு முந்தைய படமொன்றில் புது எழுத்து இருந்தால் உட்கார்ந்து விசாரிக்கலாம். பெரியார் அந்த எழுத்தை 1935-லேயே குடி அரசில் கொண்டுவந்துவிட்டார். கடைக்காரர் எந்தக் கூட்டத்துக்குப் போனவர் என்று போர்டே காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு இந்தத் தேடல் பெரம்பலூரில், தாத்தாவின் வாடகை சைக்கிள் கடையிலிருந்து தொடங்கியது. ஒரே ஒரு படம் இருக்கிறது. கடை எந்த வருடம் திறந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் கல்லுக்கு வயது தெரியும். சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் பதினெட்டு மீட்டர்க் கல்மரத்தை 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னார். சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்தையது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் டீ குடித்த கடைகளின் வயதை எழுதிவைக்கத்தான் யாரும் இல்லை.

ஸ்டூடியோக்களில் கேட்டேன். பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்யத் தெரிந்த ஒரு முதியவர், பரணைக் காட்டிக் கையை விரித்தார். டிஜிட்டல் வந்த பிறகு, வெள்ளி பிரித்தெடுப்பவர்களுக்கு நெகட்டிவை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டாராம். மிஞ்சியது ஒரு டப்பா. அதிலும் பாதியை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிப்பிடித்து மின்னாக்கம் செய்திருக்கிறது. பெரிய வேலை அது. ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பரணுக்கும் அந்த ஊர்க்காரன்தான் ஏறியாக வேண்டும்.

அப்படி ஏறியதில்தான் அரியலூர் மளிகைக் கடை ஒன்றில் நாள்வழிக் கணக்கு கிடைத்தது. அணாவும் படியும் நிறைந்த நோட்டு. துன்முகி வருடம், கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை. மேலே 'உ', தேதி, கீழே ஒன்றுமில்லை. மறுநாள் பக்கமும் காலி. அதற்கடுத்த நாள்தான் இரண்டு படி உளுந்து என்று வியாபாரம் தொடங்குகிறது.

ஆங்கிலத் தேதிக்கு மாற்றிப் பார்த்தேன். 1956 நவம்பர் 23. வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் போன நாள். 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நாடே அறியும். பள்ளிக்கூடத்தில் நானும் அதை ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்தவன்தான். மாவட்டம் இரண்டாம் முறை பிறந்ததும் அதே நவம்பர் 23 என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடை ஐயா அந்த வெற்றுப் பக்கத்தை விரலால் தடவினார். "கடை தொறந்து உ போட்டவரு, சேதி வந்ததும் ஆத்துப் பக்கம் ஓடிட்டாராம் எங்கப்பா. ரெண்டு நாள் வீட்டுக்கே வரலைன்னு அம்மா சொல்லும்."

"அவர் படம் இருக்குங்களாய்யா?"

கல்லாவுக்கு மேலே, ஊதுபத்திப் புகை படிந்த கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் முகம் போய்விடும். சட்டத்தோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தேன். அன்றைக்கு ஆற்றங்கரையில் என்ன செய்தார், யாரைத் தூக்கினார் என்று எந்த நோட்டிலும் இல்லை. எழுதாத அந்த இரண்டு பக்கம்தான் இருக்கிறது.

கிளம்பும்போது ஐயா வாசலுக்கு வந்தார். அடுத்த வாரம் பையன் பழைய தகர போர்டைக் கழற்றிவிட்டு ஃபிளெக்ஸ் மாட்டப்போகிறானாம். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போர்டுக்கு நேர்கீழே நின்றார்.

"போர்டு முழுசா விழுந்துச்சா தம்பி?"

"விழுந்துச்சுங்கய்யா."

"கீழ் வரியும்?"

பார்த்தேன், பாதிதான் விழுந்திருந்தது. சாக்கடை ஓரமாகப் பின்னால் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னொன்று எடுத்தேன்.