வியாழக்கிழமை மாத்திரை

பெரியப்பாவுக்கு வியாழக்கிழமை என்றால் மெத்தோட்ரெக்சேட். மஞ்சள் நிறத்தில் பொடி மாத்திரை, 2.5 மில்லிகிராம். பெரியம்மா ஆறு எண்ணிக் கிண்ணத்தில் வைப்பார். மறுநாள் ஃபோலிக் ஆசிட். காலண்டரில் வியாழன்களுக்கு மட்டும் சிவப்பு வட்டம் இருக்கும்.

அதற்கு முன்பு வெட்பாலைத் தைலம். இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஊதாவாகிவிடும். தலையணை உறையெல்லாம் அந்தக் கறைதான். சொரியாசிஸ் முழங்கையில் மட்டும் இருந்தவரை தைலமே போதுமானதாக இருந்தது. முதுகு, மார்பு என்று பரவிய பிறகு பாயை உதறினால் செதில் செதிலாக உதிரும். சலூன்காரர் முடிவெட்டத் தயங்கினார். சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி இல்லை என்று யார் போய் எல்லோருக்கும் சொல்வது?

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறித் தோலை விரட்ட, சுமார் ஒரு மாதம் பிடிக்க வேண்டிய தோல் வளர்ச்சி சில நாளில் நடந்துவிடுகிறது. இவ்வளவு பரவிய பிறகு மேலே பூசுவது மட்டும் போதாது; அதனால்தான் வியாழக்கிழமை மாத்திரை.

இந்த மாத்திரையின் வம்சாவளியில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியபோது அங்கே ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதை எதிர்க்கும் அமினோப்டெரினும் அங்கே பிறந்ததுதான். ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. 1951இல் மூட்டுவாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த கப்னர் குழுவினர், சிலருக்குச் சொரியாசிஸ் தணிவதைக் கண்டார்கள். மெத்தோட்ரெக்சேட் அதன் தம்பி. சுப்பாராவ் 1948லேயே போய்விட்டார்.

அந்தச் சிவப்பு வட்டம் வெறும் பயத்தில் போட்டதல்ல. வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியதைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிரே போகலாம். ஒருமுறை மருந்துக்கடைப் பையன் பழக்கதோஷத்தில் கவரின் மேல் ‘1-0-1’ என்று எழுதிவிட்டான். பெரியம்மா அவன் பேனாவைப் பிடுங்கி, எழுதியதை அடித்துவிட்டு, ‘வியாழன் மட்டும்’ என்று எழுதினார். ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை. மாத்திரை தொடங்கிய அன்றோடு குடி கட். பெரியப்பாவுக்கு மருந்தைவிட இதுதான் கசந்தது.

பிறகு சொரியாசிஸுக்குப் பயாலஜிக் ஊசிகள் வந்தன. 2013இல் பெங்களூரு பயோகான் நிறுவனமே இடோலிசுமாப் என்று ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட ஊசிகள் பலவற்றுக்கு முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். காசநோய் மலிந்த நம் நாட்டில் அது வெறும் சம்பிரதாயமல்ல. டாக்டர் விலையைச் சொன்னதும் பெரியப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார். “இருக்கிறதே கேட்குதுல்ல, அதையே எழுதுங்க சார்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே பழைய சீட்டையே எழுதினார். கூடவே ஈரல் பரிசோதனைக்கும் ஒரு சீட்டு.