துப்பாக்கி முனையில் ஓர் ஈ

சிவப்பு விளக்கு ஏழு நொடி எரியும். பிறகு பச்சை, மூன்றே நொடி. அந்த மூன்று நொடிக்குள், கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் ஒற்றைக் கையை உயர்த்தி, 25 மீட்டருக்கு அப்பால் நிற்கும் இலக்கில் ஒரு குண்டைப் பதிக்க வேண்டும். மறுபடி சிவப்பு, கை கீழே. இப்படி ஐந்து முறை என்றால் ஒரு தொடர். ஆறு தொடர்கள், 30 குண்டுகள். மகளிர் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் இரண்டாம் பாதி இது. முதற்பாதி நிதானமானது, ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம் உண்டு. தில்லியில் மொழியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த ஹரியாணா மாணவி ஒருத்திக்கு முதற்பாதியில் குறையே இல்லை. பச்சை விளக்கு எரியத் தொடங்கியதும் எல்லாம் சிதறிவிடும்.

பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு ஆறு வாரங்கள் இருந்தன. வயது வரம்பின்படி அதுவே அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அணியில் இடம் கிடைத்தால் விடுதியில் தங்கி மேலும் ஓராண்டு பயிலலாம் என்று வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கிடைக்காவிட்டால் என்ன என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வரன் பார்க்கும் பேச்சு மட்டும் தொடங்கியிருந்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபோது அவள் ஊரிலும் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் தம் வீட்டுப் பெண் வெல்லும்வரை தோட்டாச் செலவை யார் தாங்குவது என்பது வேறு கணக்கு. இறக்குமதித் தோட்டாக்களை அவள் நாளுக்கு இத்தனை என்று எண்ணித்தான் எடுத்தாள்.

அவளுடைய பிழையின் வேர் ஒரு கதையில் இருந்தது. மரத்திலிருந்த பறவையைக் காட்டி, 'என்ன தெரிகிறது?' என்று துரோணர் கேட்க, 'பறவையின் கண் மட்டும்' என்று அர்ஜுனன் சொன்ன கதை. (வியாசரின் பாரதத்தில் அது பறவையின் தலை; கண் பின்னாளைய வாய்மொழியின் கொடை.) இந்தியப் பள்ளிக்கூடங்களில் கவனத்துக்கு இலக்கணமாகச் சொல்லப்படுவது இது. அவளும் அப்படியே செய்தாள். சிவப்பு விளக்கு எரியும் ஏழு நொடியும் இலக்கின் கரிய நடுப்பகுதியை விழுங்கிவிடுபவள் போல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயிற்றுநர் ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார். அதிகம் பேசாதவர். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "பேட்டா, உனக்கு இலக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. நோய் அதுதான்."

வில்லாளிக்கு எப்படியோ, கைத்துப்பாக்கிக்கு அந்தக் கதை தலைகீழ். சுடுபவரின் கண்முன் மூன்று பொருள்கள் மூன்று தொலைவுகளில் இருக்கின்றன: பிஸ்டலின் பின்முனையில் சதுரப் பள்ளம் வெட்டிய பின் சைட், குழலின் வாய்ப்பக்கம் நிற்கும் சிறு கட்டையான முன் சைட், வெகு தூரத்தில் இலக்கு. கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்குத்தான் கூர்மையாகக் குவியும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்ற இரண்டும் மங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேர வேண்டியது முன் சைட்டை. அதன் மேல்விளிம்பும் பின் சைட்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பள்ளத்தின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் சம அகலத்தில் இருக்க வேண்டும். இலக்கு புகை மண்டிய கரும்பொட்டாக அப்பால் மிதந்தால் போதும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இப்போட்டிக்குரிய பிஸ்டலில் இரு சைட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 220 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது விதி. அந்தத் தூரத்தில் முன் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால், அதே கோணம் 25 மீட்டரில் ஏறத்தாழ 114 மில்லிமீட்டராக விரிகிறது. வேகச் சுற்று இலக்கில் பத்துப்புள்ளி வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். ஆகவே நடுவில் பாய வேண்டிய குண்டு எட்டில் போய் விழும். மாறாக, சைட்டுகள் ஒழுங்காக நிற்க, கை முழுவதுமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் அதே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். கை நடுங்குவதைக் கண்டு அஞ்சுபவர்கள் மன்னிக்கத்தக்க பிழைக்கு அஞ்சி, மன்னிக்க முடியாத பிழையைக் கோட்டை விடுகிறார்கள். நடுக்கத்தை நிறுத்த எண்ணி விசையைச் சட்டென்று இழுப்பது இன்னும் மோசம். அந்த இழுப்பே முன் சைட்டைச் சாய்த்துவிடும்.

பயிற்றுநர் முன் சைட்டை 'மக்கி' என்றே அழைத்தார். இந்தியில் ஈ. துப்பாக்கிக் குழலின் முனையில் வந்து உட்கார்ந்த ஈ என்று யாரோ ஒருவர் பார்த்த பார்வை அகராதியிலும் ஏறிவிட்டது. மொழியியல் மாணவிக்கு இது போதாதா? தேடிப் பார்த்தாள். ரஷ்ய மொழியிலும் அது 'மூஷ்கா', சின்ன ஈ. ஜெர்மானியருக்கு 'கோர்ன்', தானியமணி. எல்லாம் கைக்கெட்டும் அண்மையில் இருக்கும், உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாத, அற்பமான பொருள்கள். இலக்குக்கான சொற்கள் வேறு வகை. இந்தியில் 'நிஷான்' என்றால் அடையாளம், 'நிஷானா' இலக்கு. தமிழில் 'குறி' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. குறி பார்ப்பவர் வேடராகவும் இருக்கலாம், கோடாங்கியாகவும் இருக்கலாம். தூரத்தில் இருப்பதற்குப் பொருள் நிறைந்த பெயர், அருகில் இருப்பதற்கு ஈயின் பெயர். கண் எப்பக்கம் ஓடும் என்பதில் வியப்பென்ன?

வேகத்தின் சிக்கலும் இங்கேதான் அவிழ்ந்தது. விரைவாகச் சுட வேண்டுமானால் கையை விரைவாக உயர்த்த வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். நேரம் வீணானது கையில் அன்று, கண்ணில். தொலைவில் குவிந்த பார்வை அண்மைக்குத் திரும்பக் கிட்டத்தட்ட அரை நொடி. அவளோ இலக்கிலிருந்து முன் சைட்டுக்கு வந்து, ஐயம் எழுந்து மீண்டும் இலக்குக்குப் போய், பதறித் திரும்புவாள். மூன்று நொடியில் பாதி இந்த அலைச்சலுக்கே சரி. திருத்தம் எளியதாக இருந்தது: சிவப்பு எரியும்போதே பார்வையைக் கைநீளத் தொலைவில் தளர்த்தி வைத்துக் காத்திருப்பது. மணிக்கட்டு பூட்டியபடி கை சீராக எழும்; முன் சைட் தானே வந்து கண்ணின் கூர்மைக்குள் நுழையும்; விசையின் முதல் அழுத்தம் கை எழும்போதே தொடங்கிவிடும். தலை அசையக் கூடாது. சைட்டைத் தேடித் தலை குனிந்தால், கழகத்தின் பொதுப் பிஸ்டலின் மரப்பிடி கைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அதற்குச் சோதனையும் உண்டு: கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்து பார்ப்பது. அவளுக்கு முன் சைட் எப்போதும் பள்ளத்தின் இடப்புறம் ஒட்டி நின்றது. பயிற்றுநர் பிடியில் ஓரிடத்தில் புட்டி அப்பி, ஓரிடத்தில் அரம் போட்டு, மூன்று மாலைகளில் அதைச் சரிசெய்தார்.

கதையை மட்டும் அரம் போட முடியவில்லை. பச்சை எரிந்ததும் பறவையின் கண் அவளை இழுத்தது. அப்போதுதான் அவர் இன்னொரு கதையை நினைவூட்டினார். திரௌபதியின் சுயம்வரத்தில் மேலே சுழலும் மீனை அர்ஜுனன் அண்ணாந்து பார்க்கவில்லையே. காலடியிலிருந்த நீரைத்தானே பார்த்தான் என்றார். (இதுவும் மக்கள் வழக்கில் வளர்ந்த வடிவமே.) அதே வீரன், அதே வில், கண் மட்டும் அருகில்.

பிஸ்டலை விடுதிக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் மூடியில் மையால் ஒரு கோடு இழுத்து, வெற்றுச் சுவரை நோக்கி இரவுதோறும் நூறு முறை உயர்த்தினாள். சுவரில் பொட்டு எதுவும் வைக்கவில்லை. இலக்கே இல்லாதபோது கண்ணுக்கு ஓட இடமில்லை. அறைத்தோழி முதலில் சிரித்தாள். பிறகு கைப்பேசியில் ஏழும் மூன்றும் எண்ணிக் கொடுத்தாள்.

தேர்வு நாளில் வேகச் சுற்றின் முதல் தொடரில் ஒரு ஏழு விழுந்தது. பழைய பதற்றம். இரண்டாவது தொடரிலிருந்து அவளுக்கு நினைவில் இருப்பது கரிய கட்டையின் மேல்விளிம்பும், இருபுறக் கீற்றுகளும் மட்டுமே. குண்டுகள் எங்கே போயின என்பதைத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மூவர் அணியில் இடம் கிடைக்கவில்லை. நான்காமவளாக, மாற்று வீராங்கனையாகப் பெயர் வந்தது.

அன்று மாலை தொலைபேசியில் தாய் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மாற்று என்றால் அணியில் இருக்கிறாயா, இல்லையா?"

"இருக்கிறேன் அம்மா."

"அப்படியானால் உன் அப்பாவிடம் இருக்கிறாய் என்றே சொல்கிறேன்."