ராஜபாளையம் நாய்: வெண்மையும் செவியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்தையும் அதைச் சூழ்ந்த தோப்புகளையும் தாயகமாகக் கொண்ட நாயினம் அவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது. ஆண் நாய் தோள் மட்டத்தில் 65 முதல் 75 செ.மீ. வரை உயரம் நிற்கும். ஆழ்ந்த மார்பும் உள்வாங்கிய அடிவயிறும் நீண்ட கால்களும் ஓட்டத்துக்கான உடலமைப்பைக் காட்ட, சற்றே கனத்த எலும்பும் வலுவான தாடையும் அதே வட்டாரத்துச் சிப்பிப்பாறை நாயிலிருந்து இதனைப் பிரித்துக்காட்டுகின்றன. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்குமாகப் பேணப்பட்ட இவ்வினத்துக்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை இல்லாமற்போய்க் காவல் மட்டுமே தொழிலாக மிஞ்சியது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது இதுவும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. ஆயினும் குட்டி வாங்க வருவோர் முதலில் கேட்பது வம்சத்தையோ குணத்தையோ அன்று, நிறத்தைத்தான்: மாசில்லாத பால்வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். காவலுக்குத் தலையாய புலனாகிய செவியை அந்த வெண்மையே கெடுக்கவல்லது என்பது வளர்ப்பாளர்கள் அறிந்தும் பேசத் தயங்கும் செய்தி.

இருட்டில் காவல் காக்கும் நாய்க்குக் கண்ணுக்கு முன்பாகவும், காற்று எதிர்த்திசையில் வீசும்போது மூக்குக்கு முன்பாகவும் செய்தி சேர்ப்பது காதுதான். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு நின்றுவிட, நாயின் செவி 40,000-க்கு மேலும் கேட்கும். அதனால்தான் வேலிக்கம்பி உரசும் மெல்லிய கிறீச்சொலிக்குக்கூட உறங்கும் நாய் தலை தூக்குகிறது. நல்ல ராஜபாளையம் நாய் வழியில் போகும் எல்லாவற்றையும் பார்த்துக் குரைப்பதில்லை. ஒலி வந்த திசையில் இரு காதுகளையும் திருப்பி, எழுந்து, வந்தவருக்கும் வீட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொள்கிறது. அந்நியர் தொடுவதை விரும்பாததும், குடும்பத்திலும் ஒருவரையே தலைவராகக் கொள்வதும் இதன் இயல்பாகையால், குட்டியைக் கம்பால் சீண்டிக் ‘கடிக்கப் பழக்கும்’ வழக்கம் முற்றிலும் வேண்டாத வேலை. அப்படி வளர்ந்த நாய் பால்காரருக்கும் திருடனுக்கும் வேறுபாடு காணாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி உலகைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது வீட்டுக்கு வந்துபோகும் மனிதர், வண்டி ஓசை, ஆடுமாடு, குழந்தைகளின் கூச்சல் ஆகிய அனைத்தையும் அது கண்டும் கேட்டும் பழகியிருந்தால்தான் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று பிரித்தறியும் தெளிவு வரும்.

செவிடு எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். தோலுக்கும் மயிருக்கும் நிறமூட்டும் நிறமி உயிரணுக்கள் உட்காதிலும் உள்ளன; அங்கே நத்தை வடிவச் சுருளின் சுவரிலுள்ள இரத்தநாளப் படலத்தில் இருந்துகொண்டு, ஒலியை நரம்புக்கு மாற்றும் நுண்மயிர் உயிரணுக்கள் இயங்குவதற்கு வேண்டிய பொட்டாசியம் மிகுந்த திரவத்தைக் காக்க உதவுகின்றன. கருவில் இந்த நிறமி உயிரணுக்கள் காதுவரை சென்று சேராவிட்டால் அப்படலம் நலிந்து, குட்டி பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் நுண்மயிர் உயிரணுக்களும் அழிந்துவிடுகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வெண்மை மிகுந்த மற்றோர் இனமான டால்மேஷனில் அமெரிக்காவில் நடந்த பரிசோதனைகள் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நாய்களுக்கு ஒரு காதிலேனும் கேட்கும் திறன் இல்லை என்று காட்டியிருக்கின்றன. அவ்வினத்திலேயே பிறவியில் பெரிய நிறத்திட்டோடு பிறக்கும் குட்டிகளுக்குச் செவிடு குறைவு. ஆனால் அந்தத் திட்டுதான் கண்காட்சி விதிகளின்படி குறை! ராஜபாளையத்திலும் நடந்தது இதுவே: செவலையோ கறுப்போ மறை விழுந்த குட்டிகளை ஈத்திலேயே ஒதுக்கி, தூய வெள்ளைக்குத் தூய வெள்ளையையே சேர்த்துவந்ததால், கேட்கும் செவியோடு சேர்ந்து வரக்கூடிய நிறமும் இனத்திலிருந்து வடிகட்டப்பட்டது.

குட்டியின் காதுத்துளை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திறக்கும்; செவிடாகும் குட்டிக்கும் சிறிது காலம் கேட்கலாமாதலால் ஐந்து வாரம் நிறைந்த பிறகு செய்யும் சோதனையையே நம்ப முடியும். அதைச் செய்யும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஈத்து முழுவதையும் ஒன்றாக வைத்துக் கை தட்டினால், கேட்காத குட்டியும் கேட்ட குட்டியின் பின்னால் ஓடிவந்துவிடும். தரையைத் தட்டினால் அதிர்வை உள்ளங்காலால் உணரும். முதுகுக்குப் பின்னால் கை வீசினால் காற்றசைவை அறியும். எனவே குட்டியைத் தனியறையில் சாக்கின் மீது உறங்கவிட்டு, அதன் பார்வைக்கும் காற்றோட்டத்துக்கும் அப்பாலிருந்து சாவிக்கொத்தைக் கையிலேயே மெல்லக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கேட்கும் குட்டிக்குக் கண் திறக்கும் முன்பே காதின் அடி துடிக்கும். வேறு குறிப்புகளும் உண்டு: சோற்றுத்தட்டின் ஓசைக்கு மற்றவை எழுந்தோட ஒன்று மட்டும் உறங்கிக் கிடப்பதும், விளையாட்டில் கடிபட்ட குட்டி வீறிட்ட பிறகும் பிடியை விடாதிருப்பதும் ஐயத்துக்கு உரியவை.

ஒற்றைக் காது மட்டும் செவிடான குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதுதான் சிக்கல். அது ஒலியைக் கேட்கும்; ஆனால் இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் கால வேறுபாட்டையும் வலிமை வேறுபாட்டையும் கொண்டே மூளை திசையைக் கணிப்பதால், வலப்புறம் கதவு திறந்தால் அது இடப்புறமும் தேடும். மூளைத்தண்டின் மின் எதிர்வினையை ஒவ்வொரு காதுக்கும் தனியே பதிவுசெய்யும் கருவிச் சோதனை ஒன்றே இதை உறுதிப்படுத்தும். அது கிடைக்காத இடத்தில், தோட்டத்தில் வெவ்வேறு பக்கங்களிலிருந்து விசிலடித்து, குட்டி எப்பக்கம் திரும்புகிறது என்று பல நாட்கள் குறித்துவைப்பது ஓரளவு உதவும். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாதாகையால், இதற்கெல்லாம் மூன்று வார அவகாசம் இருக்கிறது. கைக்குட்டியாகவே முன்பணம் வாங்கிக் கொடுத்துவிடுவோருக்கு அது பொருட்டில்லை.

அன்றாடப் பராமரிப்பிலும் வெண்மை தலைகாட்டும். நிறமியற்ற மூக்கும் காது நுனியும் நண்பகல் வெயிலில் வெந்து உரிவதால் காலையிலும் அந்தியிலும் மட்டுமே நாயை ஓடவிட்டு, மற்ற நேரம் மர நிழலில் இருக்கவிட வேண்டும். வெள்ளை மயிரால் கிடைக்கும் ஒரே நடைமுறைப் பயன் உண்ணி சட்டென்று கண்ணில் படுவது. ஆயினும் விரலிடுக்கு, காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி ஆகிய மூன்றிலும் கைவிட்டுத் தேடாமல் விட்டால் உண்ணிக்காய்ச்சல் வந்து ஈறு வெளுத்த பிறகே தெரியவரும். உணவைப் பொறுத்தவரை கேப்பைக்கூழும் மோரும் மட்டும் போதா; இறைச்சியோ முட்டையோ மீனோ சேர வேண்டும். வளரும் குட்டிக்குக் கால்சியம் மருந்தை அளவின்றிக் கொடுப்பது எலும்பைக் கோணலாக்கும். ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டாதலால், ஒருநாள் உணவை இரண்டாகப் பகிர்ந்து கொடுத்து, உண்டபின் ஓடவிடாமல் கிடத்த வேண்டும். வாந்தி வராமல் ஓங்கரித்து, வயிறு விம்மி, எச்சில் ஒழுகினால் விடியும்வரை காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இரு காதும் கேளாத குட்டியைக் கொன்றுவிடும் பழைய வழக்கத்துக்கு இனி தேவையில்லை. சுற்றுச்சுவர் உள்ள வீட்டில், கைச்சைகையால் அழைக்கவும் தரையைக் காலால் தட்டி எழுப்பவும் பழக்கினால் அது நிறைவாக வாழும். உறங்கும்போது திடீரென்று தொட்டால் திகைத்துக் கடிக்கக்கூடும் என்பதை வாங்குவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோப்புக் காவலுக்கு அனுப்பவோ இனச்சேர்க்கைக்கு விடவோ கூடாது. ஒற்றைக் காது கேட்கும் நாய்க்கும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கருத்தடையே தகும். மறை விழுந்து, இரு காதும் நன்றாகக் கேட்கும் பெட்டை கிடைத்தால், பதினெட்டு மாதம் நிறைந்தபின் அதையே ஈத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் குட்டிகளுக்குச் சந்தையில் விலை குறையும். அந்த விலைக்குறைவை ஏற்க முன்வரும் வளர்ப்பாளர்கள் இன்னும் குறைவு.